எல்லாரும் ஊட்டிக்குப் போய்வந்தார்கள்

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் என் மகள் படித்த பள்ளியின் ஆங்கில வகுப்பைத் தெருவில் நின்றே கேட்கலாம். ஒருத்தி ஒரு வரி சொல்ல, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். யாரும் ஆங்கிலத்தில் தோற்கக் கூடாது என்பதற்காகக் கடிதம் ஒன்று, கட்டுரை ஒன்று என்று தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்ய வைப்பார்கள். கடிதம் எழுதுகிறவர் பெயர் எப்போதும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் ஒய் ஒய் ஒய். விடைத்தாளில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது. ஒரு நாளிதழின் திருத்தணி நிருபர் என்ற முறையில் அந்தப் பள்ளியின் தேர்ச்சிச் செய்தியைப் பல ஆண்டுகள் அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலத்தில் தோல்வி என்று எழுத நேர்ந்ததே இல்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தார் வந்தார்கள். தேர்வாகும் பெண்களுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்து, அந்த நாட்டிலேயே நர்சிங் படிக்க அனுப்புவார்கள். செலவு அவர்களுடையது. மகளுக்கு நர்சிங்தான் படிக்க வேண்டும். என் வருமானத்தில் அதற்கு வேறு வழி கிடையாது. இது வீட்டில் மூவருக்கும் தெரியும்.

பெற்றோரைப் பின் பெஞ்சுகளில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு பெண்ணையும் தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ஒருத்திகூட யோசிக்கவில்லை. எல்லாப் பேனாக்களும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கின.

வந்திருந்த அம்மையார் தாள்களைப் புரட்டினார். எல்லாரும் ஊட்டிக்குச் சுற்றுலா போயிருந்தார்கள். எல்லாருக்கும் அங்கே குளிர். எல்லார் பெயரும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ்.

முன் பெஞ்சில் இருந்த என் மகளை எழுப்பினார்.

"ஊட்டிக்கு எப்பம்மா போனே?"

"போனதில்ல மேடம்."

"உன் பேரு எங்க?"

"பேரு எழுதுனா பேப்பர் செல்லாது மேடம்."

என் பக்கத்தில் கனகம்மாசத்திரத்து டீக்கடைக்காரர் ஒருவர், "பஸ்ஸே வெக்காம அத்தினி பேரையும் ஊட்டிக்கு இட்டுகினு போயிட்டாங்களே" என்றார். பின் பெஞ்சுகளில் சிரிப்பு. என் மகளும் சிரிக்கப் பார்த்தாள்.

"சரி, பரவால்ல. வீட்ல யார் யார் இருக்கீங்க? இங்கிலீஷ்ல சொல்லு."

அவள் உதடுகள் அசைந்தன. இந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்தில் விடை என்று தேடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. கடைசியில் கடிதத்தின் முதல் வரியைச் சொன்னாள். தான் இங்கு நலம் என்றாள், பிழையில்லாத ஆங்கிலத்தில்.

அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அன்று ஒருவரையும் அவர்கள் எடுக்கவில்லை. வெளியே வந்தபோது ஆங்கில ஆசிரியை என்னிடம், "ஒரு பிள்ள ஃபெயிலானாலும் மீட்டிங்ல எங்கள எழுப்பி நிக்க வெக்கறாங்க சார். நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து மகள் கேட்டாள்.

"நைனா, வீட்டப் பத்தி இன்னா எழுதறது?"

"உனக்குத் தோணறதச் சொல்லு."

"அம்மா தெலுங்குல திட்டும், நீ தமிழ்ல எதிர்ப்பேச்சு பேசுவே. கிருத்திகைன்னா நம்ம தெருவுல ஒரு வண்டி நுழையாது. இத்தயெல்லாமா எழுதுவாங்க?"

"இதத்தாம்மா அவங்க கேட்டாங்க."

பிறகு, "இத்த யாரும் சொல்லிக் குடுக்கலியே" என்றாள்.

பொதுத்தேர்வில் அந்தப் பள்ளியிலேயே ஆங்கிலத்தில் அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள்தான். இப்போது ஒரு செல்போன் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறாள். போன மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பொன்று ஊரில் தொடங்கியிருப்பதைச் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் வராது நைனா. விட்டுடு."