ஹேன்லி மேடையில் ஏழாம் மாதம்

நோரீன் சாலினருக்கு யாரும் டிரம்ஸ் சொல்லித்தரவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்தில் கோடைத் திருவிழா ஊர்வலம் போகும்போது பிள்ளைகளின் வாத்தியக் குழு ஒன்று முன்னால் நடக்கும். ஒரு வருடம் பெரிய மேளத்தைச் சுமக்க வேண்டியவனுக்கு அம்மை போட்டுவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த ஒன்பது வயது நோரீனின் கழுத்தில் அதை மாட்டினார்கள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் பீங்கான் தொழிற்சாலைக்குப் போனாள். தேநீர்க் கோப்பைகளில் பூப்படம் ஒட்டும் வேலை. நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டே ஒட்டுவார்கள், வாய் ஓயாமல் பேசுவார்கள். கல்யாண வயது வந்ததும் வில்ஃப் சாலினரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வில்ஃப் நிலக்கரிச் சுரங்கத்துக்காரன். நாள் முழுக்க இரைச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டான். ஆனால் அவள் சமையலறை மேசையில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அதே தொழிற்சாலையில் சூளைப் பக்கம் வேலை பார்த்தவன் கிளைவ் பௌல்டன். ‘மார்ல் ஹோல்’ என்ற ராக் பேண்டில் அவன்தான் கிட்டார். பீங்கானுக்கு மண் தோண்டிய பெரும்பள்ளத்தை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே விளையாடித்தான் அவர்கள் எல்லோரும் வளர்ந்தார்கள். பேண்டின் டிரம்ஸ்காரன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்ட வாரம், கிளைவ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நோரீனைத் தேடி வந்தான்.

“நோரீன், சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?”

“தலைக்குக் குளிக்கணும்.”

“குளிச்சிட்டு வா. டிரம்ஸ் அடிக்க ஆள் இல்ல.”

பாடகன் ராய்ஸ்டன் ஹீத்துக்கு இது பிடிக்கவில்லை. அழகன், உயரமானவன், தன் உயரம் எல்லோருக்கும் தெரியும்படி நிற்பவன். “பொம்பளைய வச்சு ராக் பேண்டா? ஊரே சிரிக்கும்டா” என்றான்.

“சிரிக்கட்டும். டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்து சிரிக்கட்டும்” என்றான் கிளைவ்.

பேஸ் கிட்டார் வாசித்தவன் எர்னி டாம்ஸ். முதல் பாட்டை அவளோடு வாசித்து முடித்ததும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அதோடு விஷயம் முடிந்தது.

நாலு வருடத்தில் லண்டன் கம்பெனி ஒன்று அவர்களை வைத்து இரண்டு ஆல்பம் போட்டது. இரண்டும் விற்கவில்லை. ஸ்டுடியோவில் ஆளுக்கொரு கண்ணாடி அறையில் அடைத்து வாசிக்கச் சொன்னார்கள். வந்தது செத்த சத்தம். மேடையில் பார்த்தவர்களோ, ரெக்கார்டில் இருப்பது இவர்களே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கடைசியில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. சொந்த ஊர் ஜனங்கள் முன்னால், ஸ்டோக்கின் நடுப்பகுதியான ஹேன்லியில் உள்ள பெரிய மண்டபத்தில், இரண்டு மாலை நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்து ஒரு ஆல்பமாகப் போடுவது. அதுவும் விற்கவில்லையென்றால் கும்பிடு.

ஜனவரியில் வைத்திருந்தார்கள். பதிவு இயந்திரங்கள் ஏற்றிய லாரி வேறு ஒரு பெரிய பேண்டுக்குப் போய்விட்டதால் நிகழ்ச்சி மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அது 1975. ஜனவரியாக இருந்திருந்தால் நோரீன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சமாளித்திருப்பாள். மார்ச்சில் அவளுக்கு ஏழாம் மாதம்.

மதுக்கடை மாடியில் ஒத்திகைக்குக் கூடியிருந்தபோது சொன்னாள். கோட்டைக் கழற்றினாள், அவ்வளவுதான். மூன்று பேரும் பார்த்தார்கள்.

“நான் உருளைக்கிழங்கு வறுவல் தின்னதாலன்னு நினைச்சேன்” என்றான் கிளைவ்.

எர்னி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். ராய்ஸ்டன் சிகரெட்டை அணைத்தான். “சரி, இப்ப யார் வாசிக்கிறது?” என்றான்.

“எதுல?”

“ஹேன்லியிலதான்.”

“நான்தான். வேற யாரு?”

ராய்ஸ்டன் லண்டனுக்குப் போன் போட்டான். மறு வாரம் கம்பெனி ஆள் ஹார்வி லாங் ரயில் ஏறி வந்துவிட்டார். ஆல்பத்தைத் தயாரிக்கப்போகிறவர் அவர். சாந்தமான மனிதர். நோரீனின் வீட்டு முன்னறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லண்டனில் நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார், பாட்டெல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார் என்றார்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், மிஸஸ் சாலினர்.”

“என் நல்லது எனக்குத் தெரியும் சார். நீங்க உங்க நல்லதச் சொல்லுங்க.”

“மேடையில ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“வர்றதுல பாதி எங்க தொழிற்சாலைப் பொம்பளைங்க. அதுல பிரசவம் பாத்தவங்களே ஏழெட்டுப் பேரு இருப்பாங்க. எந்த ஆஸ்பத்திரிய விடவும் எனக்கு அந்த மண்டபம் பத்திரம்.”

லாங் வில்ஃபைப் பார்த்தார். வில்ஃப் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கினான். “அவகிட்டதான் பேசுறீங்க. என்ன ஏன் பாக்குறீங்க?” என்றான்.

நோரீன் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. மாதம்தோறும் வந்து பார்க்கும் மருத்துவச்சி சிஸ்டர் ஆங்கர்ஸிடம் கேட்டாள். பெருத்த சரீரம், சைக்கிளில் வருபவள். “காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே கோப்பைக்குப் பூ ஒட்டுறியே, அத எவனாவது வேணாம்னு சொன்னானா? இது உக்காந்து செய்யற வேலைதானே. மூச்சு வாங்கினா நிறுத்து. வெறும் வயித்தோட போகாதே” என்றாள்.

வயிறு முன்னால் வந்துவிட்டதால் டிரம்ஸ் எல்லாம் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது, கை எட்டவில்லை. வில்ஃப் ஒரு சமையலறை நாற்காலியின் முதுகை அறுத்தெடுத்து, காலைக் குட்டையாக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்கிறாற்போல் செய்து கொடுத்தான். அந்த ஊர் ஓட்ஸ் தோசையான ஓட்கேக் இரண்டில் சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவள் பைக்குள் போட்டான்.

முதல் நாள் நிகழ்ச்சி பிரமாதமாக அமைந்தது. ராய்ஸ்டன் தொண்டை கிழியப் பாடினான். ஜனம் எழுந்து நின்று கத்தியது. முடிந்ததும் லாரியிலிருந்து ஹார்வி லாங் இறங்கி வந்தார், முகத்தில் ரத்தமில்லை. மேடை விளக்குகளின் மின்சாரத்திலிருந்து ஒரு ரீங்காரம் எல்லா டேப்பிலும் ஏறியிருந்தது. ஒரு பாட்டுகூடத் தேறாது. இனி மறுநாள் ஒன்றுதான்.

மறுநாள் விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள், ரீங்காரம் போய்விட்டது. ஆனால் ராய்ஸ்டனின் குரலும் போயிருந்தது. முதல் பாட்டிலேயே உச்சத்தில் உடைந்தது. தேன் குடித்தான், தண்ணீர் குடித்தான், பாதி வரிகளை ஜனங்களைப் பாடவிட்டுத் தப்பித்தான். நோரீன் பின்னாலிருந்து அவன் தோளைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். அந்தத் தோள் பயந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

கடைசிக்கு முந்தைய பாட்டு ‘சிவப்பு மண்’. அவர்களுடைய நீளமான பாட்டு. பாதியில் கிளைவின் ஒலிபெருக்கிப் பெட்டி டப்பென்று வெடித்துப் புகை விட்டது. அந்தப் பக்கத்து மின் இணைப்பு முழுவதும் போனதால் எர்னியின் பேஸும் ஊமையானது. ராய்ஸ்டன் திரும்பி அவளைப் பார்த்தான். கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். நிறுத்து.

அவள் நிறுத்தவில்லை.

முதலில் மண்டபத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மேல்மாடத்தில் யாரோ தாளத்துக்குக் கை தட்டினார்கள். கீழே பிடித்துக்கொண்டார்கள். மரத்தரையில் கால்கள் மிதிக்கத் தொடங்கின. மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த பூ ஒட்டும் பெண்கள் பல்லவியை எடுத்துவிட்டார்கள், எந்தச் சுருதியிலும் சேராமல், முழுத் தொண்டையில். கிளைவும் எர்னியும் முழங்காலில் தவழ்ந்து ஒயர்களைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ்டன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றான். நோரீனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. வேகம் கூடிக்கொண்டே போவது அவளுக்குத் தெரிந்தது, குறைக்கவில்லை. பேஸ் வந்து சேர்ந்தது, பிறகு கிட்டார். மண்டபம் இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது.

முடிந்தபின் ஒப்பனை அறையில் வில்ஃப் தரையில் உட்கார்ந்து அவள் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தான். ராய்ஸ்டன் வாசலில் வந்து நின்றான்.

“நிறுத்துன்னு கையக் காட்டினேன்ல?” குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“பாத்தேன்.”

“அப்புறம்?”

“நிறுத்தல.”

அவன் திரும்பிப் போனான்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஹேஸல் என்று பெயர் வைத்தார்கள். திராட்சைக் குலையோடு பார்க்க வந்த கிளைவ், லண்டனில் என்ன நடக்கிறதென்று சொன்னான். நேரடிப் பதிவு என்று பெயர்தான். எல்லோரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ்டன் முழுவதையும் மறுபடி பாடினான். கிளைவ் பாதிக்கு மேல் மறுபடி வாசித்தான். எர்னிகூட ஒன்றிரண்டைச் சரிசெய்தான். டிரம்ஸை மட்டும் யாராலும் தொட முடியவில்லை. அவளைச் சுற்றி வைத்திருந்த மைக்குகளில் மண்டபம் முழுவதும் பதிவாகியிருந்தது. அதை எடுத்தால் ஜனங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆக எல்லோரும் காதில் நோரீனை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்கள்.

“ராய்ஸ்டனைப் பாக்கணுமே நீ. ‘எங்கடா ஓடுறா இவ, எவன் துரத்துறான்?’னு கத்துறான். ரெண்டு வாரமா அதே பாட்டு.”

நோரீன் சிரித்ததில் பிரசவத்தில் போட்ட தையல் வலித்தது. “சிரிக்க வைக்காதடா, எழுந்து போ.”

“இன்னொண்ணு கேளு. நீ தனியா அடிச்ச இடத்துல கிட்டார் போட்டு நிரப்பலாம்னான் ராய்ஸ்டன். லாங்தான் வேணாம்னுட்டாரு. அந்த இடத்துல கை வச்சா நான் வீட்டுக்குப் போயிடுவேன்னாரு.”

அவள் பால் குடிக்கும் பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு, “சரி” என்றாள்.

இலையுதிர் காலத்தில் ஆல்பம் வந்தது. ‘ஹேன்லியில் நடந்தது நடந்தபடி’ என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். வில்ஃபும் அவளும் முன்னறையில் உட்கார்ந்து கேட்டார்கள். ராய்ஸ்டனின் கணீர்க் குரலுக்குப் பின்னால், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், இன்னொரு குரல் உடைந்து உடைந்து கேட்டது. அவளுடைய மைக்குகள் பிடித்து வைத்திருந்த அன்றைய குரல்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு தொண்டையா?” என்றான் வில்ஃப்.

“ஒண்ணு அவன் பாடினது. இன்னொண்ணு அவன் பாடியிருக்கணும்னு நினைச்சது.”

ஆல்பம் விற்றது. கம்பெனி எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விற்றது. ‘சிவப்பு மண்’ ரேடியோவில் வந்தால் பேருந்தில் ஆட்கள் தொடையில் தட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது, மூன்று மாதச் சுற்றுப்பயணம். கிளைவ் வந்து கேட்டான். “போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்” என்றான் வில்ஃப். அவள் ஒரு வாரம் யோசித்தாள். போக ஆசை இருந்தது. அதை யாரிடமும் மறைக்கவுமில்லை. ஆனால் ஹேஸலுக்குக் கக்குவான் இருமல் வந்து, மூச்சு நின்று நின்று வந்த நாட்கள் அவை. போகமாட்டேன் என்றாள். அவளுக்குப் பதிலாக லண்டன் டிரம்ஸ்காரர் போனார். அவர்கள் விமானம் ஏறிய நாளில் அவள் தொழிற்சாலையில் ஒரு தட்டுப் பலகை நிறையக் கோப்பைகளுக்குப் பூவைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். மேற்பார்வைக்காரி அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. கிளைவ்தான்.

“நோரீன், உயிரு போகுது. இந்த ஜனம் ரெக்கார்டக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்து கை தட்டுது. லண்டன்காரரு ஒழுங்கா ஒரே வேகத்துல அடிக்கிறாரு. அவங்க முன்னால போயிடறாங்க, நாங்க பின்னால நிக்கிறோம். நீ எந்த இடத்துலேர்ந்து வேகத்தக் கூட்டினே?”

“எனக்கென்ன தெரியும்? காலு மரத்துப்போச்சு. நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க முடியாது. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு அடிச்சேன்.”

“இத நான் அவர்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றான் கிளைவ்.

“காலு மரத்துப்போற வரைக்கும் உக்காரச் சொல்லு.”

மார்ல் ஹோல் அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து வருடம் ஓடியது. நோரீன் திரும்பச் சேரவில்லை. அவர்களும் திரும்பக் கேட்கவில்லை. அவள் சனிக்கிழமைகளில் தொழிலாளர் கிளப்பில் வாசித்தாள். பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே யாராவது பாட வருவார்கள், மந்திரவாதி வருவார், ஒருமுறை நாயைப் பாடவைப்பவர் வந்தார்; எல்லோருக்கும் அவள்தான் டிரம்ஸ். அங்கே ஒரு இளம் பாடகர் அவளிடம், “அக்கா, அந்த ஹேன்லி ரெக்கார்டுல இருக்கிற மாதிரி அடிக்க முடியுமா?” என்று கேட்டார். முயற்சி பண்றேன் என்றாள்.

இரண்டாவதாக ஒரு மகன் பிறந்தான். தொழிற்சாலை மூடப்பட்டபின் பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வில்ஃபுக்குச் சுரங்கத் தூசு நெஞ்சில் ஏறி, கடைசி வருடங்களில் மாடிப்படி ஏற முடியாததால் முன்னறையிலேயே படுக்கையைப் போட்டார்கள். அவன் போனபின் ஒரு வருடம் அவள் கிளப் பக்கம் போகவில்லை. பிறகு போனாள்.

ஹேஸல் லீக் ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அவளுக்கு ராக் பிடிக்காது, தலைவலி வரும். அந்த ஆல்பத்தில் தானும் மேடையில் இருந்ததைப் பற்றி யாராவது கேட்டால், “ஆமா, எனக்கு டிக்கெட் வாங்கல” என்பாள். இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோரீன் வாசிப்பதை விட்டுவிட்டாள். டிரம்ஸை விற்ற மாதத்திலேயே நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலையில் பேருந்து பிடித்து நீச்சல் குளத்துக்குப் போகிறாள். ஆழமான பக்கத்துக்கு இன்னும் போகவில்லை, அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறாள்.