புஷ்பவள்ளிக்கு வந்த இருதய நோய்

தங்காக்கில் துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டால் மூவாரிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கார் ஏறி வந்து இறங்குவார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், கைக்குழந்தை எல்லாருக்கும் ஒரே நிறத்தில் துணி வேண்டும். அர்ச்சுனன் கடையில் அந்தத் துணியெல்லாம் புஷ்பவள்ளியின் கத்திரிக்கோல் பட்டுத்தான் வெளியே போகும்.

அவள் துணி வெட்டுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் நிற்பார்கள். மேசை ஓரத்தில் பதித்த அளவுகோலில் துணியை இழுத்து அளப்பாள். கத்திரி நுனியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு கத்திரியைப் பாதி திறந்த வாயோடு அப்படியே தள்ளிக்கொண்டு போவாள். மூடித் திறக்கிற வேலையே கிடையாது. சர்ரென்று ஒரு சத்தம், துணி இரண்டாகிக் கிடக்கும். சாட்டின் துணியென்றால் இந்த வேலைக்கு மணிக்கட்டு அசையக் கூடாது. அசைந்தால் ஓரம் படிக்கட்டு போல ஆகிவிடும்.

வாய் திறந்து அதிகம் பேசாதவள் அவள். வாடிக்கையாளர் கேட்டால் ஒரு தலையசைப்பு, ரொம்பப் பேசினால் ஒரு சிரிப்பு. பேச வேண்டியதையெல்லாம் அந்த மேசையில் கத்திரி பேசிவிடும். அந்த மேசை இல்லாவிட்டால் தான் யாரென்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

அப்படிப்பட்ட மணிக்கட்டு ஒருநாள் நடுங்க ஆரம்பித்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் கடையை அடைத்துப் போட்டிருந்தபோது தூக்கம் போய்விட்டது. ஒரு கிளினிக்கில் சின்ன மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். கடை திறந்தது, முகக்கவசம் போனது, மாத்திரை மட்டும் போகவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. முழங்கால் வலி என்று அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் லோஷினி இதைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்தார். முதலில் சுலபமாகத்தான் இருந்தது. பாதிக்கு வந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வியர்த்தது, கை நடுங்கியது. மக்சீக் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு மலாய்க்கார அம்மாளின் பச்சை சாட்டினில் முதல் படிக்கட்டு விழுந்தது. அந்த அம்மாள் நல்ல மனுஷி, பார்த்தும் பார்க்காதது மாதிரி வாங்கிக்கொண்டு போனார். புஷ்பவள்ளிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"அப்படியே ஒரேடியா நிறுத்திட்டா என்ன டாக்டர்?" என்று மறுபடி கிளினிக்கில் போய்க் கேட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, அது மட்டும் வேணாம்! திடீர்னு நிறுத்தினா வலிப்பு கூட வரும். இத்தன வருஷம் அந்த மாத்திர உங்க உடம்ப தாலாட்டுச்சு. இப்ப தொட்டில மெதுவா ஆட்டி ஆட்டித்தான் நிறுத்தணும். இப்ப இருக்கிற அளவுலயே கொஞ்ச நாள் நிப்போம்."

"இந்தக் கை?"

டாக்டர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். "இழுப்பு உண்டா? ஆஸ்துமா? சின்ன வயசுல கூட?" என்றார். இல்லை. "இனிப்பு நீர், சக்கர வியாதி?" அதுவும் இல்லை. அப்புறம்தான் எழுதினார். "புரோப்ரானோலோல். இருதயத்துக்குக் குடுக்கிற மாத்திரதான், ஆனா சின்ன அளவுல நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் கேக்கும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இது அந்தத் தூக்க மாத்திரைக்குப் பதில் இல்ல. கை நின்னுடுச்சேன்னு அத நீங்களா விட்டுடக் கூடாது. இதையும் நீங்களா நிறுத்தக் கூடாது. தலை சுத்தினா உடனே வந்திடணும்."

மருந்து வாங்கும் இடத்தில்தான் ஐலீன் நின்றிருந்தாள். அதே கடையில் பட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்பவள். இழுப்புக்கு உறிஞ்சும் பம்ப் வாங்க வந்திருந்தாள். புஷ்பவள்ளியின் கையிலிருந்த பொட்டலத்தை எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏய் புஷ்பா! இது எங்க வாலண்டைன் அண்ணன் சாப்பிட்ட மாத்திரல்ல! இருதயத்துக்குல்ல குடுப்பாங்க! உனக்கா?"

அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்தால் எதற்கென்று சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சில் ஒருத்தி தூக்க மாத்திரை சாப்பிட்டாள் என்றால் அடுத்த கேள்வி எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், புருஷனோடு என்ன சண்டை என்பதுதான். தினமும் தூங்குவதற்காகச் சாப்பிட்டேன் என்றால் யார் நம்பப் போகிறார்கள்? இருதய நோய் எவ்வளவோ மரியாதையான நோய். புஷ்பவள்ளி தலையை ஆட்டிவைத்தாள்.

ஐலீனிடம் ஆட்டிய தலை ஒரு தலையோடு நிற்காது. மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து ஓட்ஸ் வந்தது. மூன்றாம் வீட்டிலிருந்தும் ஓட்ஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் "இருதய நோயாளி புஷ்பவள்ளிக்காக" வேண்டிக்கொண்டார்களாம். முருகன் கோயிலுக்குப் போகிறவளுக்கு மாதாவிடமும் சிபாரிசு. வீட்டில் புருஷன் லெட்சுமணனுக்கு மட்டும் உண்மை தெரியும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அந்த மனிதர் ஓட்ஸ் டப்பாக்களை அடுக்கிவைத்துச் சிரித்தார்.

"உன் இருதயத்த இருபத்தேழு வருஷமா பாக்கறேன். அதுக்கெல்லாம் நோயே வராது. கல்லுக்கு வருமா?"

"இந்தக் கல்லுதான் உங்களுக்குச் சோறு போடுது. பேசாம ஓட்ஸ சாப்பிடுங்க."

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. நெஞ்சு அடங்கியது, கையும் அடங்கியது. கண்ணாடி முன்னால் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். பழைய கைதான். இனி மேசைக்குப் போகலாம் என்று கிளம்பி வந்த அன்று, மேசை முன்னால் முதலாளி அர்ச்சுனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளைவிடச் சின்னவன். கடையில் எல்லாரிடமும் கத்துவான், அவளிடம் மட்டும் கத்த மாட்டான்.

"புஷ்பாக்கா, நீங்க இனிமே பை போடுற இடத்துல உக்காருங்க. நாற்காலி போட்டிருக்கேன்."

"ஏன் பாஸ்? கை நல்லாயிடுச்சு."

"கை நல்லாயிடும்க்கா. இருதயம்? எங்கப்பா இந்த மேசையிலதான் கத்திரியோட விழுந்தாரு. இன்னொருத்தர இங்க விழ விடமாட்டேன். பேசாதீங்க, உக்காருங்க."

பேசாமல் உட்காருவதுதான் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. உட்கார்ந்தாள். மரியாதையான நோய் மேசையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

அங்கிருந்து பார்ப்பது பெரிய தண்டனை. பெருநாள் கூட்டம் அலைமோதியது. அர்ச்சுனனே கத்திரியைப் பிடித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கறுக் கறுக்கென்று வெட்டினான். படிக்கட்டு என்றால் பத்துமலை முருகன் கோயில் படிக்கட்டு. பைக்குள் துணியை மடித்து வைக்கும்போதெல்லாம் புஷ்பவள்ளி ஓரத்தை உள்ளே மறைத்து மடித்தாள். உண்மையைச் சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம். சொல்லத்தான் வாய் வரவில்லை. காலையில் முடிவு செய்வாள், கூட்டம் வந்ததும் விழுங்கிவிடுவாள்.

அன்று சனிக்கிழமை. கடைக்குள் மூச்சு விட இடமில்லை. ஐலீன் காலையிலிருந்து பால் இல்லாத கோப்பிஓ இரண்டு குடித்துவிட்டுப் பட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேலை செய்கிறவர்கள் பை வைக்கிற அலமாரி பக்கம் வந்தாள்.

"அலமாக், படபடன்னு அடிக்குதுடி. புஷ்பா, உன் மாத்திரையில ஒண்ணு போட்டுக்கறேன். எங்க அண்ணனுக்கு ஒத்துக்கிட்டுச்சு, எனக்கும் ஒத்துக்கும்."

வீட்டுக்கு வீடு மாத்திரை கடன் வாங்குவது அந்த ஊரில் சீனி கடன் வாங்குவது மாதிரிதான். ஐலீனின் கை அதற்குள் புஷ்பவள்ளியின் பைக்குள் போயிருந்தது. உறை கிழிகிற சத்தம் கேட்டது. புஷ்பவள்ளிக்கும் அவளுக்கும் நடுவே மூன்று குடும்பங்கள் நின்றன.

"கீழ போடு அத!"

கடையே திரும்பியது. இவ்வளவு பெரிய சத்தம் எங்கிருந்து வந்தது என்று புஷ்பவள்ளியே திகைத்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

"உனக்கு இழுப்பு இருக்குடி! அது மூச்சுக் குழாய இறுக்கிடும்! டாக்டரு எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேட்டாங்க!"

"நீ இருதயத்துக்குத்தான..."

"எனக்கு இருதயமும் இல்ல, ஒண்ணும் இல்ல! நான் தூக்க மாத்திரைய விட்டுக்கிட்டு இருக்கேன். தெனம் சாப்பிட்டுப் பழகிட்டேன், இப்ப கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறேன். கை நடுங்குச்சு, அதுக்குக் குடுத்தது இது. போதுமா?"

ஐலீன் மாத்திரையை மேசையில் வைத்தாள், ஏதோ தேளை வைப்பது போல. தன் பம்ப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு முகம் மாறியது.

"அப்ப நான் மாதா கிட்ட மூணு வாரமா பொய்யா சொல்லிக்கிட்டிருந்தேன்?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு ஒரு சுற்று சுற்றி வந்தது. அர்ச்சுனன் மட்டும் கத்திரியைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்காமல் நின்றான்.

"புஷ்பாக்கா. இருதயம் நல்லாத்தான் இருக்கா?"

"டாக்டரு பாத்தாங்க பாஸ். நல்லாத்தான் இருக்கு."

"அப்போ எதுக்குக்கா என்னைய இந்தக் கத்திரியோட இத்தன நாள் சாக விட்டீங்க? என் தோள்பட்டைய பாருங்க! துணிய பாருங்க! ஜனங்க என் மூஞ்சிய பாக்கறத பாருங்க!" என்று கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடமும் கத்தினான். கத்திவிட்டு, "தலை சுத்தினா உடனே உக்காந்திடணும், சொல்லிட்டேன்," என்று கத்திரியைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி நீட்டினான்.

மேசையின் முன்னால் ஒரு மக்சீக் நின்றிருந்தார். வரிசையில் நிறைய நேரமாக நிற்பவர். நாவல்பழ நிறத்தில் சாட்டின், ஒன்பது பேருக்கு. புஷ்பவள்ளி துணியை அளவுகோலில் இழுத்தாள். எல்லாரும் பார்ப்பது தெரிந்தது. உள்ளங்கை கொஞ்சம் வியர்க்கத்தான் செய்தது, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நுனியால் ஒரு சின்ன வெட்டு. கத்திரியைத் தள்ளினாள். சர்ர்.

மக்சீக் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "சந்தேக்!" என்றார். அழகு என்று அர்த்தம். துணியைச் சொன்னாரா, கையைச் சொன்னாரா தெரியாது. புஷ்பவள்ளி தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை இழுத்தாள்.

பெருநாள் முடிந்த பிறகும் துணியே எடுக்காமல் சில பெண்கள் மேசைக்கு வந்தார்கள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "அந்த டாக்டரு பேரு என்னங்க?" என்று கிசுகிசுப்பார்கள். அவளும் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். "நீங்களா நிறுத்திடாதீங்க" என்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள்.

தூக்க மாத்திரை இப்போது நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. அடுத்து புரோப்ரானோலோலையும் மெதுவாக இறக்கலாம் என்கிறார் டாக்டர் லோஷினி. மாதா கோயிலில் ஐலீன் வேண்டுதலைத் திருத்திவிட்டாள். "புஷ்பவள்ளியின் நல்ல தூக்கத்துக்காக" என்று இப்போது கேட்கிறாளாம். ஓட்ஸ் இன்னும் தீரவில்லை.