வாசற்காவல் ஆர்டிஸ்

ஏழு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். ஏழு உறுப்பினர் கூடாவிட்டால் கூட்டம் செல்லாது. ஆண்டுக் கூட்டம் செல்லாவிட்டால் உழவர் சங்கத்தின் கிளை கலைந்தது. கிளை கலைந்தால் கட்டடம் மாநிலத் தலைமைக்குப் போய்விடும். பாடுபட்டவன் கட்டியதைப் பறிக்கத் துப்பாக்கி வேண்டாம், விதிப்புத்தகம் போதும்.

அமெரிக்காவின் வடக்கு மெய்னில், ஹார்லன் மேட்டு உழவர் மண்டபத்துக்குத் தலைமை ஒரு ஆணிகூடத் தந்ததில்லை. உருளைக்கிழங்கு வியாபாரிகள் கூடிப் பேசி விலையை மிதித்த காலத்தில், இங்குள்ள குடும்பங்கள் சொந்தக் காட்டு மரத்தை அறுத்து, பனிமேல் சறுக்குவண்டியில் இழுத்து வந்து எழுப்பிய கட்டடம் அது. உரத்தைச் சேர்ந்து வாங்கினார்கள். அரசாங்கம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கும் முன்பே இங்கே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஆர்டிஸ் பெல்க்கி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். கிழங்கு பொறுக்கியே முதுகு வளைந்தது. சனிக்கிழமைகளில் பீன்ஸ் விருந்து போட்டு, அந்தக் காசில் மண்டபத்துக் கூரையை மாற்ற வைத்தவள் அவள்தான். சங்கத்தில் அவள் பொறுப்பு வாசற்காவல். கூட்டம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நடையில் உட்கார வேண்டும். பிந்தி வருகிறவன் காதோடு கடவுச்சொல்லைச் சொன்னால், கதவில் மூன்று தட்டுத் தட்டி அவனை உள்ளே விடுவாள். புருஷனைப் புதைத்த வாரத்திலும் அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை.

அந்தப் பனிக்காலத்து ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை கர்டிஸ் என்றொரு பிரதிநிதியை அனுப்பியது. மண்டபத்து நிலத்தை ஒரு கிடங்குக் கம்பெனி விலைக்குக் கேட்டிருப்பது ஊருக்கே தெரியும். மிஞ்சியிருந்த உறுப்பினர்கள் ஏழே பேர், எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆர்டிஸ் வழக்கம்போல வெளியே உட்கார்ந்தாள்.

கர்டிஸ் தலைகளை எண்ணினான். "ஆறு பேர்தான் இருக்கீங்க. கூட்டம் செல்லாது."

"ஆர்டிஸ் வெளிய இருக்காளே," என்றார் கிளைத் தலைவர் மெரில்.

"அறைக்குள்ள இருக்கறவங்களத்தான் எண்ணணும் ஐயா. விதி."

பலகைக் கதவு, எல்லாம் கேட்டது. ஆர்டிஸ் மூன்று தட்டுத் தட்டி உள்ளே வந்தாள்.

"ஏன் தம்பி, நான் என்ன கோட்டு மாட்டுற ஆணியா?"

"கோவிக்காதீங்கம்மா. உள்ள உக்காந்தா எண்ணிக்கிறேன்." அவள் உட்கார்ந்ததும் சிரித்தான். "ஆனா இப்ப வாசல்ல காவல் இல்ல. காவல் இல்லாம தொடங்கக் கூடாது. அதுவும் விதி."

"இவன் கெழங்கு யாவாரி வீட்டுப் புள்ளையா?" என்று உறுமினார் உறுப்பினர்களில் ஒருவரான லாயிட்.

ஆர்டிஸ் எழுந்தாள். "வெளிய நின்னா நான் ஆளில்ல. உள்ள வந்தா காவலில்ல. மழையிலயும் பனியிலயும் இந்த வாசலக் காத்தது நீ வந்து வித்துட்டுப் போறதுக்காடா?"

நாற்காலியைத் தூக்கி நிலைப்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே போட்டு உட்கார்ந்தாள். "இப்ப எண்ணு."

"கதவத் தெறந்து வச்சுக் கூட்டம் நடத்தக் கூடாதும்மா. விதியிலயே—"

"படி. சத்தமாப் படி."

"'கதவு திறந்திருக்கையில் கூட்டம் நடத்தலாகாது.'"

"மெரில், சமையல்கட்டுல சுத்தியல் இருக்கும், கொண்டா."

கீல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினாள். லாயிட் கதவைத் தாங்கிப் பிடித்தார். "கால்ல போட்டுக்காத, தூக்க ஆளில்ல," என்றாள். கதவைச் சுமந்துபோய் வெளியே பனியில் கிடத்தினார்கள். உள்ளே அடித்த காற்றில் கர்டிஸின் காகிதங்கள் அடுப்படிவரை பறந்தன.

ஆர்டிஸ் மறுபடி நிலைப்படியில் உட்கார்ந்து கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"தெறந்த கதவு எங்க இருக்கு, காட்டு."

கர்டிஸ் புத்தகத்தைப் புரட்டினான். பிறகும் புரட்டினான். யாரும் உதவவில்லை.

மெரில் சுத்தியலாலேயே மேசையைத் தட்டினார். "கூட்டம் தொடங்குது. வருகைய எழுதுங்க, பிரதிநிதி ஐயா. உங்க கையால."

எழுதினான்.

ஏழு.