விளக்குக்கு வைத்த பொட்டு

காரின் எச்சரிக்கை விளக்கு கண்ணில் படக்கூடாது என்று அதன் மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிய ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதையெல்லாம் நீங்கள் நம்புவீர்கள். படித்தவன், லைசென்ஸ் உண்டு, மூக்குக் கண்ணாடிகூடப் போடுவேன். இருந்தும் ஒட்டினேன்.

அவளுக்கு விக்கிரமசிங்கபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் காலை மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். எங்கள் பழைய காரை நம்பலாம் என்றால் தினமும் ஓட்டிப் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நம்ப முடியாதென்றால் இன்னொரு டீச்சரோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுக்கு மட்டும் வருவாள். எது என்று முடிவு கட்ட ஒரு சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். ஓட்டுவது அவள், பக்கத்தில் நான், ஆலோசகர் என்ற பெயரில்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்தன. பல்பெல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் நேரம் அது. எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே கார்த்திகை வந்துவிடும். என்ஜின் பிடித்ததும் எண்ணெயில் அழுத்தம் ஏறி எண்ணெய் விளக்கு அணையும். புதுக் கரண்டு பிறந்து பேட்டரி விளக்கு அணையும். 'அணையும்' என்று நான்தான் எழுதுகிறேன். அவள் வாயில் அந்தச் சொல் வராது. வீட்டில் ஏற்றும் விளக்குக்குச் சொல்வதையே இதற்கும் சொல்வாள்.

"எல்லாம் மலையேறிட்டு," என்று கியரைப் போட்டாள்.

ஒன்று ஏறவில்லை. பேட்டரி விளக்கு ஒரு வாரமாகவே அடுப்பின் கடைசிக் கங்கு மாதிரி மங்கலாகக் கிடந்தது. அதைப் பார்த்தால் அறை எடுக்கப் போய்விடுவாளே என்ற பயத்தில்தான், குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்திருந்த பொட்டுகளில் பெரிதாக ஒன்றை உரித்து வந்து அதன் மேல் ஒட்டியிருந்தேன்.

பேட்டை தாண்டியதும் பனி. வயல்களுக்கு மேலே அது படுத்திருந்தது. கொக்குகள் கழுத்து வரைக்கும் மூழ்கி நின்றன. ஆறு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. நாங்கள் போகிறோமா, ஆறு எங்களைத் தாண்டிப் போகிறதா என்று எனக்குத் தெளிவில்லை. அரைத் தூக்கத்தில் மீட்டரைப் பார்த்தேன். பொட்டைச் சுற்றிலும் மெல்லிய சிவப்பு கசிந்து, மீட்டருக்கே ஒரு முகம் வந்திருந்தது. யாரோ ஒருத்தி நெற்றியில் பொட்டோடு எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது.

"ஏங்க, மீட்டருக்கு யாரு பொட்டு வச்சா?"

"ஆயுத பூசைக்கு வச்சதா இருக்கும்."

"ஆயுத பூசைக்கு ஸ்டிக்கர் பொட்டா வைப்பாவ? அதுவும் எம் பொட்ட!"

வண்டியை ஓரங்கட்டினாள். நகத்தால் பொட்டை உரித்தாள்.

"இது எப்பருந்து எரியுது?"

"எரியல. லேசா முழிச்சிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "திங்கக்கெழம நான் மட்டும் வந்து, வழியில நின்னுபோச்சுன்னா? அங்கன ஒத்தையில என்ன செய்வேன்னு நெனச்சியளா?"

நினைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தேன். எப்படி வருவாள் என்று நினைக்கவில்லை.

அந்த விளக்குக்கு ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் என்ஜின் சுற்றினால் கரண்டு தரும் டைனமோ. இரண்டும் சமமாகத் தள்ளினால் நடுவில் எதுவும் ஓடாது, விளக்கு இருண்டுவிடும். ஒரு பக்கம் தளர்ந்தால் தளர்ந்த அளவுக்கு எரியும். என்ஜின் ஓடுகிறதா என்பதைச் சில வண்டிகள் இந்த விளக்கின் கம்பியை வைத்துத்தான் மோப்பம் பிடிக்குமாம். எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மறுபக்கம் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

முக்கூடல் வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து, டைனமோவைச் சுற்றும் பெல்ட்டை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பெல்ட்டு லூசா இருக்குக்கா."

"பெல்ட்டு மட்டுந்தானா?" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றுப் பக்கம் பார்த்தேன்.

இறுக்கி முடித்ததும் அவள் சாவியைத் திருப்பினாள். கார்த்திகை வந்தது, என்ஜின் பிடித்ததும் போயிற்று. மிச்சம் ஒரு கங்குகூட இல்லை. அவள் குனிந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

விக்கிரமசிங்கபுரம் நெருங்க நெருங்க மலை எழுந்து நின்றது, நீலமாக, இடுப்பில் மேகத்தோடு. எங்கள் வீட்டிலும் வண்டியிலும் இத்தனை நாளாக மலையேறிய விளக்கெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கும் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"திங்கக்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேல்லா?"

"பொட்டு ஒட்டாம இருந்தா வாரேன்."