கூவினாலும் பெட்டைதான்

எங்கள் கோழிகளில் ஒன்று கூவ ஆரம்பித்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழப்பாவூரில் வீட்டுக்குப் பின்னால் முட்டைக்காகவே நான் வளர்க்கும் நாட்டுக்கோழிகள் அவை. எல்லாம் பெட்டை என்று சொல்லித்தான் குஞ்சாக வாங்கினேன். மற்றதெல்லாம் ஒழுங்காக முட்டை போட, இவள் மட்டும் சிவப்புக் கொண்டையை வளர்த்துக்கொண்டு, துவைக்கிற கல்லில் ஏறி நின்று தொண்டை கிழியக் கூவினாள்.

“சேவல்தான், சந்தேகமே இல்ல. பேசாம கொழம்பு வச்சிரு” என்றார் என் வீட்டுக்காரர். துபாயிலிருந்து அவர் தம்பி லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, ஐந்தருவியில் குளித்துவிட்டு நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட வேண்டும் என்று போனிலேயே சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! “கொண்டைய மட்டும் பாத்தாப் போதுமா? கழுத்து எறகப் பாருங்க. சேவலுக்கு நுனி கூரா இருக்கும். இவளுக்கு உருண்டையால்லா இருக்கு. வாலும் வளையல.”

“கூவுதே, அதுக்கு என்ன சொல்லுத?”

“கூட்டத்துல சேவல் கெடையாது. அதான் இவ நாட்டாமை பண்ணுதா.”

இத்தனைக்கும், தினமும் காலையில் தன் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து அவளுக்குத்தான் முதலில் போடுவார் இந்த மனுஷன். போட்டுக்கொண்டே “சேவப்பயலே” என்று வைவார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் அவளைத் தனியாகப் பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடுவது. காலையில் கூடைக்குள் முட்டை இருந்தால் பிழைத்தாள், இல்லாவிட்டால் குழம்பு. வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் ஒரே உதறல். அவள் இதுவரை ஒரு முட்டை போட்டும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போய்விட்டு வந்தவர் பின்வாசலில் நின்று சத்தம் போட்டார். “ஏட்டி, இங்கன வா! முட்ட கெடக்கு!”

மாவுக்கையோடு ஓடினேன். பஞ்சாரத்தின் இடுக்கு வழியே பார்த்தால், நிஜமாகவே முட்டை! சின்னப்பிள்ளை மாதிரி குதித்தேன். “நான் சொன்னேன்லா! சொன்னேன்லா!” என்று கத்தியதில் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தார்கள். கூடையை லேசாகத் தூக்கிக் கையை விட்டு முட்டையை எடுத்தேன்.

ஜில்லென்று இருந்தது. வெள்ளை வெளேர் என்று, பெரிதாக. எங்கள் கோழிகள் போடுவது சின்ன முட்டை, பழுப்பு நிறம். முந்தின நாள் முட்டையெல்லாம் விற்றுப்போய் வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. இது பால் விற்கிற கடையின் முட்டை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முருங்கை மரத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ சொன்னதுதான் சரி. பெட்டதான்” என்றார்.

மனுஷன் இன்னும் அவளைச் சேவல் என்றேதான் நம்புகிறார், நம்பிக்கொண்டே தோற்றுப்போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடவே, அவர் சொல்வதுதான் சரியோ என்ற பயமும் வந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு முட்டையைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன்.

கொழுந்தனார் வந்ததும் முட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னோம். “காலையில முட்ட போட்ட கோழியவா அடிக்க?” என்று வீட்டுக்காரர் கறிக்கடைக்குப் போய் பிராய்லர் வாங்கி வந்தார். கொழுந்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அருவிக்குப் போனார். இந்த அமளியில் பஞ்சாரத்தைத் திறக்கவே மறந்துவிட்டோம்.

மத்தியானம் கொழுந்தனார் ஈரத்தலையோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. பின்னால் ஓடினார். அடுத்த நிமிடம் தெருவுக்கே கேட்கும்படி ஒரு கூச்சல்.

“ஏட்டி! நெசமாவே போட்டுட்டாட்டி!”

மூச்சிரைக்க வந்து நின்றவர் கையில் சின்னதாய், பழுப்பாய் ஒரு முட்டை. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

கொழுந்தனார் சோற்றில் வைத்த கையை எடுத்தார். “அப்போ காலையில கெடந்தது, மைனி?”

வீட்டுக்காரர் மறுபடியும் முருங்கை மரத்தைத் தேடினார்.

“அது உங்க அண்ணன் போட்டது” என்றேன்.