உப்புப் பார்க்காத சாம்பார்

பிள்ளைகளா, போன வாரம் இரண்டு பேரும் அடுப்படி வாசலில் வந்து நின்று, "சாம்பார் வைக்கக் கத்துக்குடுங்கப்பா" என்று கேட்டீர்கள். கற்றுத் தருகிறேன். அதற்கு முன்னால் நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று எழுதி வைக்கலாம் எனத் தோன்றியது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் பாதி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மீதி நீங்கள் பார்க்காதது.

உங்கள் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்த வருடம் அது. பாப்பா மூன்றாவது படித்தாள். தம்பி அப்போதுதான் பள்ளிக்கூட வேனில் அழாமல் ஏறப் பழகியிருந்தான். ஒரு வருடம் போனால் புதுக்கோட்டைப் பக்கம் மாற்றல் கிடைக்கும் என்றார்கள். நான் அரிமளத்தில் கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுவர் கட்டுவேன், பூசுவேன், தளம் போடுவேன். சோறு வடிக்கத் தெரியாது.

முதலில் எல்லாமே கடைச் சாப்பாடு. காலையில் இட்லிப் பொட்டலம், ராத்திரி பரோட்டா. கொஞ்ச நாளில் தம்பிக்கு வயிறு கெட்டு, கன்னம் ஒட்டிப்போனது. கீரமங்கலத்தில் இருக்கும் உங்கள் சித்தி போனில் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், கடைச்சோறு போட்டே பிள்ளைகள வளத்துருவீங்களா? இங்கிட்டு அனுப்பி வைங்க. இங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு."

"நான் சமைச்சுப் போடுறேம்மா."

"நீங்களா? ஒங்களுக்குக் கொத்துக்கரண்டிதானே பிடிக்கத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்து சொன்னதில் சிரிப்பு இல்லை. "ஆடி அமாவாசைக்கு வாரேன். பிள்ளைக தேறலேன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "நல்லா சாப்பிட்டாச் சரிங்க. எங்க இருந்தா என்ன" என்றாள். அந்த 'எங்க இருந்தா என்ன' சாரத்தில் நின்று பூசும்போதெல்லாம் காதில் கேட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் செருப்பு ஒரே ஒரு ஜோடி கிடக்கிற மாதிரி மனதில் ஒரு படம் வரும். கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பேன். சித்தாள் அம்மா கீழே இருந்து, "என்ன கொத்தனாரே, தூங்கிட்டீங்களா, சாந்து இறுகுது" என்பார்.

அன்றிலிருந்து சமைக்க ஆரம்பித்தேன். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, அம்மா சொல்லச் சொல்லச் செய்வேன். அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டே சொல்வாள்.

"பருப்பு மலந்துச்சா?"

"மலருறதுன்னா?"

"வெரல்ல நசுக்கிப் பாருங்க."

சுட்டது. ஆனால் நசுங்கியது.

சோறு சீக்கிரமே பிடிபட்டது. கலவைக்குத் தண்ணீர் விடுகிற கைதானே. சாம்பாரில்தான் அந்தக் கை காலை வாரியது. கெட்டியாக இருந்தால் உறுதி என்று நினைத்துவிட்டேன். பாப்பா கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாம்பார் விழவில்லை.

"அப்பா, இத வச்சு பின்பக்கச் சொவரப் பூசிரலாம்ப்பா."

தம்பி தட்டைச் சாந்துச் சட்டி மாதிரித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். உங்கள் அம்மா போனில் அதைப் பார்த்துச் சிரித்ததில் அவளுக்கு பஸ் போய்விட்டது.

புளி கரைக்க, கடுகு வெடிக்கும்வரை பொறுக்க, ரசத்தைக் கொதிக்கவிடாமல் நுரை கட்டியதும் இறக்க, எல்லாம் மெல்ல மெல்ல வந்தது. உப்பு மட்டும் வரவில்லை. சிமெண்டு தின்ற உள்ளங்கை இது. கல்லுப்பை அள்ளினால் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. ஒரு நாள் கரிக்கும், மறுநாள் பயந்து குறைப்பேன், சப்பென்று இருக்கும். கடைசியில் பாப்பாதான் வழி சொன்னாள். "நான் அள்ளிப் போடவா?" அவள் பிடி சின்னது. கொழம்புக்கு ஒரு பிடி, ரசத்துக்கு அரைப் பிடி. சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நம் வீட்டில் உப்பு என்றால் பாப்பா கைதான். தம்பிக்குக் கன்னம் திரும்ப வந்தது.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அம்மா போனில், "நாளைக்குத் தாத்தாவுக்குப் படைக்கிறது. காக்காவுக்கு வைக்காம வாயில வைக்கக் கூடாது. உப்புப் பாத்துராதீங்க" என்றாள்.

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"மோந்து பாருங்க."

"வெளையாடாத."

"வெளையாடலங்க. ஆவியில தெரியும். நான் அப்படித்தான் வைக்கிறேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. பாப்பா கை இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். ஆனாலும் உங்கள் துணிகளை மடித்து, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் வைத்து, கதவுக்குப் பின்னால் வைத்தேன். கேட்டால் கொடுக்க வேண்டுமே.

மறுநாள் பரங்கிக்காய் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது பஸ் ஹாரன் கேட்டது. "சித்தி வந்தாச்சு" என்று இரண்டு பேரும் தெருவில் பறந்துவிட்டீர்கள். உப்பு இன்னும் போடவில்லை. பாப்பா திரும்பி வரட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவள் வந்தால் சித்தியும் கூட வருவாள். இந்த வீட்டில் உப்புப் போடவே ஒரு சின்னப் பிள்ளை வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், பேச்சு அத்தோடு முடிந்தது.

உப்பு ஜாடியைத் திறந்து நின்றேன். மழை வருகிற மாதிரி வெளிச்சம் மங்கியிருந்தது. ஜன்னல் வழியாக வந்த காற்று ஆவியைத் தள்ளி என் முகத்தில் விட்டது. கண்ணை மூடினேன். பரங்கிக்காய் தனியாக மணந்தது, புளி தனியாக, பருப்பு தனியாக. ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாத ஆட்கள் ஒரே பஸ்ஸில் நிற்பதுபோல. கொஞ்சம் அள்ளிப் போட்டுக் கிண்டினேன். மறுபடி குனிந்தேன். இன்னும் கொஞ்சம். அடுப்புச் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய், தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அந்த மணங்கள் பிரித்துச் சொல்ல முடியாமல் ஒன்றாகிவிட்டன. உங்கள் அம்மா அடுப்படியில் நிற்கும்போது வாசல்வரை வருமே, அந்த மணம். ஜாடியை மூடினேன்.

காக்கைக்கு வைத்ததும் உடனே வந்து கொத்தியது. சித்தி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "காக்காவுக்கு உப்பு தெரியாது மச்சான். எனக்கு எலையப் போடுங்க."

போட்டேன். பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நான் வாழைக்காய்ப் பொரியல் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். பாப்பா என்னையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு கல்லு கம்மி" என்றாள் சித்தி. இன்னொரு வாய் எடுத்தாள். "அக்கா வச்சாலும் அமாவாசைக்கு ஒரு கல்லு கம்மியாத்தான் இருக்கும்."

தம்பி உள்ளங்கையைக் குவித்து ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, "அப்பா, இன்னொன்னு" என்று கையை நீட்டினான். சித்தி அவன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள், காய் வாங்குகிறவள் மாதிரி. பிறகு தன் இலையையும் என் பக்கம் தள்ளினாள். "எனக்கும் ஊத்துங்க. ஆளப் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க."

சாயங்காலம் கிளம்பும்போது, கொண்டுவந்த தேங்காய்களை மூலையில் கொட்டிவிட்டு, காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் இருந்த பையை அவள் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "தீவாளிக்கு வாரேன் மச்சான். வடை சுடக் கத்துக்கங்க" என்றாள். பஸ் ஏற்றிவிட நீங்கள் இரண்டு பேரும் அவளோடு போனீர்கள்.

வீட்டில் நான் மட்டும். சாம்பார் வாசம் இன்னும் இருந்தது. கதவைச் சாத்தி, அந்தப் பையை எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் யூனிபாரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடிப்பு போக உதறி, பழையபடி கொடியில் போட்டேன்.