கல்யாண மண்டபத்தில் பதினோராவது டிராக்

போன ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கிளம்பும்போதே எனக்கு ஒரே பயம். கல்யாணம் என் வீட்டில் இல்லை. பெண்ணும் என் பெண் இல்லை. ஆனால், அந்த மண்டபத்தில் ஒரு விபரீதம் நடக்கப்போகிறது, அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்... என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸில் எனக்கு அடுத்த சீட் சுந்தரபாண்டி அண்ணன். (பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் பத்திரிகைப் பக்கமே வராதவர். படிக்கிற நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்!) கல்யாணப் பெண் கார்த்திகா, அவருடைய மகள்.

அண்ணனுக்கு சினிமா இசை என்றால் உயிர். அதிலும் பாட்டு இல்லை... பின்னணி இசை! "பாட்டை எல்லாரும் கேப்பாங்க தங்கச்சி. நான் பிஜிஎம் ஆளு" என்பார். பின்னணி இசையை மட்டும் தனி ஆல்பமாக விடுகிறார்களே, அது வந்த அன்றே அவர் போனில் இருக்கும். படம் பார்ப்பாரா என்றால், அதுதான் கிடையாது. தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம்.

பார்க்காவிட்டால் என்ன? இசையைக் கேட்டே காட்சியைச் சொல்லிவிடுவார். "இந்தா, ட்ரம்பெட் வருதா? ஹீரோ வண்டிய விட்டு எறங்குறான்." முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். அந்தத் தெம்புதான் ஆளைக் கவிழ்த்தது.

ரிசப்ஷனுக்குப் பத்து நாள் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரம். இயர்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"கார்த்திகா என்ட்ரிக்கு இதைத்தான் போடப்போறோம். நானே அவ கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வாரேன். பதினோராவது டிராக். எம்புட்டு வயலின்னு பாருங்க!"

நாலே நொடிதான். தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. முதலில் ஒரே ஒரு செல்லோ, அதுதான் அந்தப் பெரிய சைஸ் வயலின், யாரோ தணிந்த குரலில் பேசுகிற மாதிரி. அப்புறம் ஒவ்வொரு வயலினாகச் சேர்ந்து சேர்ந்து... அருமையான இசை, சந்தேகமே இல்லை. ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்த்தவள். அதில் லாரி டிரைவர் அப்பா செத்துப்போகிறார். அவர் உடலுக்குப் பின்னால் ஒரே மகள் தனியாக நடந்து வருகிறாள். வசனமே கிடையாது. அந்தக் காட்சி முழுக்க இந்த இசைதான். தியேட்டரில் நானும் என் கணவரும் ஒரே கர்ச்சீப்பை மாற்றி மாற்றி வாங்கி அழுதோம்.

சாவு ஊர்வல இசைக்குக் கல்யாணப் பெண் நடந்து வருவதா?

"அண்ணே... படம் பாத்தீங்களா?"

"எங்கிட்டு? கல்யாணப் பத்திரிகை வைக்கவே நேரம் பத்தல. பாக்கணுமா என்ன? இது பொண்ணைக் கட்டிக்குடுக்குற சீன். அந்த செல்லோவைக் கேளுங்க... பெத்த அப்பன் மனசு தங்கச்சி அது."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

"நாலாவது டிராக்கும் நல்லாத்தான் இருக்கு..." என்று மெல்லப் போட்டுப் பார்த்தேன்.

"அட போங்க! அது வெட்டுக்குத்து. ட்ரம்ஸைக் கேட்டாலே தெரியுதே." அதை மட்டும் கரெக்டாகச் சொன்னார்.

வீட்டில் வந்து புலம்பினேன். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? மாப்பிள்ளை வீட்டுல சகுனம் பாக்குறவங்க இருந்தா அவர் மானமே போயிரும்" என்றார் கணவர். "அப்ப நீங்க போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன். "எனக்கெதுக்கு வம்பு?" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மட்டும் என்ன கிழித்தேன்? தினமும் அண்ணன் முகத்தைப் பார்ப்பேன், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

பாட்டு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. வரிகள் காட்டிக்கொடுத்துவிடும். இது வார்த்தை இல்லாத இசை. படத்தை விட்டு ஆல்பத்துக்குள் வந்துவிட்டால், கேட்கிறவருடைய கதைதான் அதற்குக் கதை. அவருக்கு அதில் மகள் கல்யாணம் கேட்கிறது. எனக்குப் பாடை தெரிகிறது. இதில் தப்பாகக் கேட்டது யார்?

யோசித்துக்கொண்டே இருந்தேன்... ரிசப்ஷன் வந்தேவிட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேராக மைக்செட்காரரிடம் போனேன். "அண்ணே, பொண்ணு வரும்போது போட வேற ஏதாச்சும் மியூசிக் இருக்கா?"

அவர் சிரித்தார். "பதினோராவது டிராக்தானக்கா? நானும் அந்தப் படத்தப் பாத்தவன்தான். நேத்தே பொண்ணுக்குப் போனைப் போட்டு, 'பாப்பா, இது எழவு சீனு, வேணாம்மா'ன்னு சொல்லிட்டேன். 'தெரியும்ணே, ரெண்டு தடவ பாத்துட்டேன். அப்பா கேட்டதையே போடுங்க'ன்னுருச்சு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தெரிந்தேவா? அதற்குள் லைட்டைக் குறைத்தார்கள். செல்லோ ஆரம்பித்துவிட்டது.

வாசலில் கார்த்திகா. பக்கத்தில் பட்டு வேட்டியில் அண்ணன். எனக்கு முன் வரிசையில் இரண்டு பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "ஏப்பா, இது அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்து வருகிறார். வயலின்கள் சேரச் சேர அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! சித்தப்பா சொல்ல வந்ததை முடிக்கவே இல்லை. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் அழுதேன். இதில் என்ன வெட்கம்?

மேடை ஏறிப் பரிசைக் கொடுத்துவிட்டு, கார்த்திகாவின் காதருகே குனிந்தேன்.

"ஏன்டி, தெரிஞ்சேவா சரின்ன?"

"அப்பாட்ட சொல்லிராதீங்கத்தே" என்றாள் முதலில். அப்புறம், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்:

"படத்துல அந்தப் புள்ள தனியால்ல நடந்து வருது? நான் எங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு வந்தேன்."